வண்டியின் நெற்றி

போன வாரம் என் காரின் இடது பக்க ஹெட்லைட் எரியவில்லை. மதுரை ரோட்டில், எடமலைப்பட்டி புதூர் தாண்டி இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். காபி என்று அவர்கள்தான் சொன்னார்கள். மெஷினிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஏசி அறை, சோபா, சத்தமில்லாமல் ஓடும் டிவி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என் வண்டி. சட்டையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாத ஒருவர் பானெட்டைத் திறந்தார், எங்கேயோ ஒரு ஒயரைச் செருகினார், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார், பானெட்டை மூடினார். மொத்தம் மூன்று நிமிடம்.

"சார், லாம்ப் அசெம்பிளி ஃபுல்லா மாத்தணும். மாட்யூல் எரர் காட்டுது."

"எர்த் பாத்தீங்களா?"

"எது சார்?"

"எர்த். விளக்குலேர்ந்து வண்டி பாடிக்குப் போற ஒயர்."

தாத்தாவிடம் பேசுகிற மாதிரி அவர் குரல் இறங்கிவிட்டது. "அதெல்லாம் சிஸ்டமே பாத்துரும் சார்."

சரி, சிஸ்டம் பார்க்கட்டும் என்று நான் மறுபடி சோபாவில் உட்கார்ந்தேன். ஆனால் எர்த் என்று நானே சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. அதைச் சொன்னாலே எனக்குச் சின்ன வெங்காய வாசனை வந்துவிடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் கம்பெனி மேல் ஒரு தப்பும் கிடையாது, எல்லாத் தப்பும் எங்கள் வீட்டுத் தயாரிப்பு. உப்பிலியபுரத்தில் ஒரு விவசாயியிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நிறம் மோர்க்குழம்பு. அந்த விவசாயி அதில் மனிதர்களை ஏற்றினாரோ இல்லையோ, பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசற்படியை வெங்காயம் தாண்டியதே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெங்காயம் மணக்கும் ஒரு கார் வந்து சேர்ந்தது. அம்மா அதில் ஏறும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "பெருமாளைச் சேவிக்கப் போறச்சே இதுல ஏறித்தான் போகணுமா?" என்பாள். சாம்பிராணி போட்டோம். எலுமிச்சம்பழத் தோல் வைத்தோம். கடைசியில் வெயில் நாளில் கதவைத் திறந்தால், யாரோ வெங்காய மண்டியில் சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் எதற்குக் கார் என்று நீங்கள் கேட்கலாம். ஊரே கேட்டது. கோயில், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரம். உற்சவ நாளில் பெருமாள் வீதியில் எழுந்தருளினால் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கவே முடியாது. வருடத்தில் உற்சவம் இல்லாத நாளை எண்ணுவது சுலபம். அப்பா ஹைஸ்கூல் பௌதிக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கரும்பலகையில் மின்சுற்றுப் படம் போட்டவர். வீட்டில் ஃப்யூஸ் போனால் மட்டும் மெழுகுவர்த்தி எங்கே என்று தேடுவார்.

அவர் கார் வாங்கியது பொன்மலைக்குப் போவதற்காக. அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தோணிசாமி என்று அவருக்கு ஒரு சிநேகிதர். ரயில்வே பட்டறையில் வேலை. சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போய்வருகிறவர், கை முழுக்கத் தழும்பு, செஸ் ஆட உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் அப்பா சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பி அவர் வீட்டுக்குப் போவார், ஏழரைக்குள் திரும்பிவிடுவார். இரண்டொரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். "வாத்தியாரே, ராணியப் பாத்துக்குங்க, பொறவு வருத்தப்படாதீங்க" என்று அந்தோணிசாமி சொன்னால் அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வீட்டில் அவர் பேச்சு "சாதம் போறும்" என்கிற அளவில்தான். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தேங்காய் எண்ணெய். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால், அன்றைக்கு விட்டுக்கொடுத்த குதிரையைப் பற்றி மோர் சாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். எங்களில் யாருக்கும் செஸ் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

இந்த இடத்தில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மற்ற வீடுகளில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நாமம்தான். வெள்ளைத் திருமண்ணைத் தண்ணீரில் குழைத்து இரண்டு கோடு, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். பீரோ, தையல் மிஷின், அரிவாள்மணை, அப்பாவின் பௌதிகப் புத்தகங்கள், யாருக்கும் விலக்கு கிடையாது. அடியில் பாதம் உண்டா இல்லையா, அதாவது தென்கலையா வடகலையா என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த வம்பு இந்தக் கட்டுரை தாங்காது. கார் வந்த பிறகு காருக்கு நாமம் இடுவது என் பொறுப்பு ஆயிற்று. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், பக்தியைவிடக் கலையுணர்ச்சி அதிகம். வெளியே பானெட்டில் பெரிதாக ஒன்று போட்டேன். சக்கரங்களுக்கு, ஸ்டீயரிங்குக்கு எல்லாம் போட்டேன். பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு எது நெற்றி என்று யோசித்தேன். ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் தகரத்தில், நட்டநடுவில், ஒரு போல்ட் எடுப்பாக நின்றுகொண்டிருந்தது. அதன் கீழ் இரண்டு மூன்று கறுப்பு ஒயர்கள் வந்து சேர்ந்திருந்தன. இதைவிடப் பொருத்தமான நெற்றி எந்த வண்டிக்கும் அமையாது என்று தீர்மானித்து, அந்தப் போல்ட்டின் மேல் திருமண்ணைத் தாராளமாகக் குழைத்து அப்பினேன். "ரொம்ப லட்சணமா இருக்கு" என்றாள் அம்மா. அதிலிருந்து ஐந்து வருடம், பழைய நாமத்தை அழிக்காமல் அதன் மேலேயே புதிதாக இட்டுவந்தேன். இட்ட நாமத்தை யாராவது சுரண்டுவார்களா?

"விளக்கு மங்கிண்டே வரதுடா" என்று அப்பா முதலில் சொன்னது ஒரு கார்த்திகை மாதம்.

பல்பை மாற்றினோம். ஒரு வாரம் பளிச்சென்று இருப்பதுபோல் இருந்தது. புது பல்ப் போட்டால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். முதல் மெக்கானிக் சுவிட்ச் என்றார், மாற்றினோம். இரண்டாமவர் பேட்டரி என்றார். மூன்றாமவர் சுவிட்சும் பேட்டரியும் பார்த்தவர்களைத் திட்டிவிட்டு, ரிலே போடாமல் எந்த வண்டியிலும் விளக்கு எரிந்ததில்லை என்று சொல்லி ரிலே போட்டார். நான்காமவர் ரிலேயைக் கழற்றினார். நால்வரிடமும் ஓர் ஒற்றுமை உண்டு. பானெட்டைத் திறந்ததும் அந்த நாமத்தைப் பார்ப்பார்கள், கிரீஸ் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அதற்குப் பிறகு அந்த ஓர் இடத்தைத் தவிர வண்டி பூராவும் பார்ப்பார்கள். "சாமி இருக்கற எடம், அங்க கை வெக்க மனசு வரலீங்க" என்று மூன்றாமவர் சொன்னபோது எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

அத்திம்பேர் ஒருவர் இருக்கிறார், அக்காவின் கணவர். தில்லைநகரில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் ஒன்றை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அவர், "வாட்டேஜ் பத்தலை. நூறு வாட் போடுங்கோ, பகல் மாதிரி இருக்கும்" என்றார். போட்டோம். முன்பைவிட மங்கிவிட்டது, அதோடு ஒயர் சூடேறி ரப்பர் கருகும் வாசனை வேறு. ஆக, வெங்காயம், சாம்பிராணி, ரப்பர்.

அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மின்சுற்றுப் படம் போட்டார். பேட்டரி, சுவிட்ச், ஃப்யூஸ், பல்ப், கடைசியில் எர்த்துக்கு மூன்று கோடு, படுக்கை வசத்தில். "எங்கயோ ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கு" என்றார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டார், அந்த மூன்று கோட்டைத் தவிர. பாடப்புத்தகத்தில் எர்த் கெட்டுப்போகாது. இன்னொன்றும் அவர் கவனித்துச் சொன்னார்: "இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் கூடச் சேர்ந்து கண் சிமிட்டறது."

"வண்டி சிமிட்டறதா, மாமா சிமிட்டறேளா?" என்றார் அத்திம்பேர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பொன்மலையிலிருந்து திரும்பி வரும்போது, பாலம் தாண்டி மாம்பழச் சாலையில் ஓரமாக நின்ற இளநீர் வண்டியில் அப்பா இடித்துவிட்டார். மணி ஏழேகால்தான். யாருக்கும் அடி இல்லை. இளநீர்க் காய்கள் நாலாபக்கமும் உருண்டன, அப்பா இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். "ஏன் பெரியவரே, விளக்கப் போடாமயா வருவாங்கன்னு அவன் கேக்கறான். விளக்கு எரிஞ்சுண்டுதான் இருந்தது." அந்த இளநீர்க்காரர் ஒரு சாட்சி. விளக்கு எரிவதே எதிரே நின்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று தெளிவாகச் சொன்ன ஒரே சாட்சி. அவர் சாட்சியை எங்கள் வீட்டுக் கோர்ட்டில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். "லேசா புரை ஆரம்பிச்சிருக்கு. இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான், கவலைப்பட ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே வார்த்தை: புரை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூடினோம். "எங்களுக்கு ஒண்ணும் இல்லை மாமா. நாளைக்கே மனுஷா மேல ஏத்திட்டேள்னா?" என்று அத்திம்பேர் ஆரம்பித்தார். அப்பா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விளக்குடா. விளக்குதான்."

"நாலு மெக்கானிக் பாத்தாச்சுப்பா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அப்பா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சரி" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கன்டோன்மெண்ட்டில், தண்ணீர் மோட்டார் விற்கும் ஓர் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தேன். சாவி அலமாரியில் இருந்தது ஒரு ராத்திரிதான். திங்கட்கிழமை காலை வண்டி சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று அம்மாவிடம் அக்கறையாகச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இறங்குவேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

அப்பாவின் சாயங்காலங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்களானால், இரண்டு பஸ் மாறிப் பொன்மலைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பும்போது கூட்டத்தில் நிற்க முடியாமல் முட்டி வீங்கிவிட்டது. அந்தோணிசாமி இரண்டு தடவை சைக்கிள் மிதித்து ஸ்ரீரங்கம் வந்தார், ஆனால் ஷிஃப்ட் முடிந்து அவ்வளவு தூரம் அவராலும் முடியவில்லை. அப்பா கூடத்தில் பலகையை விரித்து, இரண்டு பக்கமும் தானே ஆட ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க வேண்டும் என்றால் மட்டும் அவரைத்தான் கூப்பிடுவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே தடவையில் கோர்த்துக் கொடுப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டோம்.

நான் ஓட்டியது பகலில், இல்லாவிட்டால் தெருவிளக்கு உள்ள ரோட்டில். விளக்கைப் பற்றி யோசிக்க அவசியமே வரவில்லை. ஆவணி மாதம், கூட வேலை பார்த்த ஒருவரின் புதுவீட்டுக்குப் போனேன், இதே எடமலைப்பட்டி புதூர்தான். அப்போது பாதி மனைக்கட்டு, பாதி பொட்டல். ஏழு மணிக்குக் கிளம்பினேன். தெருவிளக்கு இல்லாத மண்ரோடு. ஹெட்லைட்டைப் போட்டால் வண்டிக்கு முன்னால் அகல் ஏற்றி வைத்த அளவுக்கு வெளிச்சம். பள்ளம் தெரியவில்லை, எதிரே வந்த ஆள் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஊர்ந்தேன். திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டேன். ஹெட்லைட்டும் கூடச் சேர்ந்து கண் சிமிட்டியது.

வண்டியை நிறுத்திவிட்டேன். எனக்குக் கண்ணில் புரை கிடையாது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை திறந்திருந்தது. இளங்கோவன் என்று பெயர். கருப்புச் சட்டை, சாமி கிடையாது என்று சொல்கிறவர்கள் போடுகிற கருப்பு. நம் ஊர் உங்களுக்குத் தெரியுமே, கோபுரத்துக்காரரும் கருப்புச் சட்டைக்காரரும் ஒரே டவுன் பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவார்கள். பானெட்டைத் திறந்தவர் நாமத்தைப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"ஐயரு வண்டியா தம்பி?"

"ஐயங்கார்."

அந்த நிலைமையிலும் திருத்தினேன் பாருங்கள்.

"சரி, ஐயங்காரு வண்டி. லைட்டப் போடுங்க. இண்டிகேட்டரு. ஹாரன அடிங்க." ஹாரன் அடித்தால் விளக்கு இன்னும் சுருங்கியது. அவர் ஒரு முழ நீள ஒயரை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார், மறுமுனையை ஹெட்லைட்டுக்குப் பின்னால், அதன் கறுப்பு ஒயரில் தொட்டார். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் பொடி எழுத்துவரை படிக்க முடிந்தது. கையை எடுத்தார், மங்கிவிட்டது. மறுபடி தொட்டார்.

"பாத்தீங்களா. விளக்கு நல்லாத்தான் இருக்கு. பேட்டரியிலேர்ந்து போன கரண்டு திரும்பி வர வழி இல்ல. எர்த் விட்டுப்போச்சு." கறுப்பு ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே வந்தார். விரல் நாமத்தில் வந்து நின்றது. "இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"ஒரு போல்ட்."

"யாரு போட்டது இத?"

"நான்தான்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர், கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்க சாமிய எடுக்கறேன்னு நெனைக்க வேணாம். வேற எடத்துல போட்டுக்குங்க." சுரண்டினார். ஐந்து வருடத் திருமண் சில்லு சில்லாக உதிர்ந்தது. மழைக்கு மழை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியில் போல்ட்டைத் துருவாக்கியிருந்தது. ஒயர் முனையிலிருந்த வளையம் கை பட்டதும் நொறுங்கியது. அப்பா காகிதத்தில் படுக்க வைத்துப் போட்ட மூன்று கோட்டின் மேல்தான் நான் வருடா வருடம் நிற்க வைத்து மூன்று கோடு போட்டிருக்கிறேன். உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தார். புது வளையம் வைத்து முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். பத்து நிமிடம்.

"இத்தன நாளு யாரும் பாக்கலியா?"

"நாலு பேரு பாத்தாங்க. கும்பிட்டுட்டு விட்டுட்டாங்க."

அவர் சிரித்தார். சாமியைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பாலத்தில் வரும்போது எனக்கு ஒரே குஷி. நூறு வாட் பல்ப், அத்திம்பேர் சொன்னபடி பகல்தான். மாம்பழச் சாலையில் இளநீர் வண்டிக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "லைட்ட எறக்குய்யா" என்று கத்தினார். அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. மீதி தூரம் பூரா எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பா கூடத்தில் பலகைக்கு முன் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"விளக்கெல்லாம் எப்படிடா இருக்கு?"

"எனக்கு நன்னாத் தெரியறதுப்பா."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அப்பா ஒரு சிப்பாயைக் கையில் எடுத்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அப்போ கண்ணுதான்" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கருப்புச் சட்டைக்காரர் நாமத்தைச் சுரண்டினார் என்றால் அம்மா தாங்க மாட்டாள். தப்பு என் கையால் நடந்தது என்று தெரிந்தால் அத்திம்பேர் என்னை ஆயுசுக்கும் விடமாட்டார். எல்லாம் சாக்கு. சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டவுன் பஸ்ஸில் தொங்க வேண்டும். அதுதான் காரணம், அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. கிண்ணத்தில் திருமண்ணைக் குழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கூட வரமாட்டார் என்று நினைத்திருந்தேன், அப்பா வந்தார். பானெட்டை அவரே திறந்தார். நட்டநடுவில் அந்தப் போல்ட், திருமண் இல்லாமல், சுற்றிலும் வட்டமாக உப்புத்தாள் தேய்த்த தடத்தோடு மின்னிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் மின்சுற்றுப் படம் போட்டவர் அதைப் பார்த்தார். குனிந்து, வாஸ்லினை விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். அங்கே வந்து சேரும் கறுப்பு ஒயரைக் கண்ணாலேயே ஹெட்லைட்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க வேண்டாம்" என்றார். "மேல பானெட்ல மட்டும் போடு."

"ஏம்ப்பா?" என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"விளக்கு எரியணுமோன்னோ."

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவர் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

மறுவாரம் ஓர் அஞ்சலட்டையைக் கொடுத்து, ஆபீஸ் போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொன்னார். அந்தோணிசாமிக்கு எழுதியது. அட்டையில் எழுதினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நான் படித்தேன். 'எனக்குக் கண் பார்வை முன்போல் இல்லை. பிள்ளை மிகவும் அக்கறையாக இருக்கிறான், வண்டியைத் தொட விடுவதில்லை. இனி அங்கு வருவதற்கில்லை. இத்துடன் என் அடுத்த நகர்த்தல்.' கோடு போடாத அட்டையில், கோடு போட்டதுபோல் நேராக, எறும்பு எழுத்தில் பன்னிரண்டு வரி. பார்வை போனவர் எழுதியது. அவர் வண்டியிலேயே போய் அதைத் தபால் பெட்டியில் போட்டேன்.

அஞ்சலட்டையில் அந்த ஆட்டம் ஒன்றரை வருடம் நடந்தது. நடுவில் அந்தோணிசாமி ரிட்டயராகி, மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், பதில் வருவது நின்றது. அப்பா அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். யாராவது காரைப் பற்றிக் கேட்டால், "கண்ணு மங்கிடுத்து, விட்டுட்டேன்" என்று அவரே சொல்லுவார், நான் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லுவார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னதில்லை.

இப்போது அப்பா இல்லை. மோர்க்குழம்பு வண்டி யாரிடமோ போய், எங்கேயோ தகரமாகியிருக்கும். இளங்கோவன் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அஞ்சலட்டை எழுத ஆள் இல்லை. அத்திம்பேர் மட்டும் சௌக்கியமாக இருக்கிறார், அபிப்பிராயங்களோடு. காலம் கொண்டுபோனதை எல்லாம் கணக்கில் சேர்க்க நான் யார். ஆனால் பொன்மலையில் வாய்விட்டுச் சிரித்த அந்தச் செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களைக் காலம் கொண்டுபோகவில்லை. அவற்றை நான் எடுத்துக்கொண்டேன்.